வடியாமங்கலத்து வடிகால்

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வடியாமங்கலத்து மாப்பிள்ளை. என் வீட்டுக்காரி சௌந்தரம் பிறந்து வளர்ந்த ஊர் அது. அந்த ஊரைப் பற்றி நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னாலும் இன்றைக்கு எனக்குச் சோறு கிடையாது. கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, நடந்ததே போதும்.

வடியாமங்கலம் வாய்க்காலின் கடைசி ஊர். மேலே இருக்கிற ஊர்க்காரர்கள் பாய்ச்சி, துவைத்து, மாடு குளிப்பாட்டி, மிச்சத்தைத்தான் கீழே அனுப்புவார்கள். அந்தத் தண்ணீர் வடியாமங்கலத்து வயலுக்கு வந்து நின்றால் நின்றதுதான். வெளியே போக வழி கிடையாது. வெயில் அடித்தால் தண்ணீர் மட்டும் ஆவியாகப் போகும், அதிலிருந்த உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். சித்திரை மாதம் போய்ப் பார்த்தால், யாரோ கோலமாவைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி வயல் வெள்ளையாகக் கிடக்கும்.

இதையெல்லாம் கவனிக்க ஊரில் ஒரு பாசனக் கமிட்டி உண்டு. தலைவர் குஞ்சிதபாதம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். பல சமயம் அப்படியே தூங்கியும் விடுவார். இரண்டாவது ஆள் பக்கிரிசாமி. கடப்பாரை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை, கல்யாண வீட்டுப் பந்தியிலும் அது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். மூன்றாவது ரெத்தினசாமி, எதைச் சொன்னாலும் அதில் ஒரு சட்டம் பேசுவார். நாலாவது அமிர்தலிங்கம். கடைசியாகப் பேசினது யாரோ அவர் சொன்னதுதான் சரி என்பார். இந்த நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால் நாய்கூட அந்தப் பக்கம் போகாது.

என் வீட்டுக்காரியின் அக்கா மரகதத்துக்கு அந்த ஊரில் ஒரே ஒரு வயல். கிழக்குக் கோடியில், ஓடைக்கரையை ஒட்டி இருக்கிறது. ஊர்த் தண்ணீர் மொத்தமும் கடைசியில் அங்கேதான் வந்து உட்காரும். புருஷன் போன பிறகு அந்த வயல்தான் அவளுக்குச் சோறு. போன வருஷம் நட்ட பயிர் எல்லாம் நுனி கருகி மடிந்துபோச்சு. இந்த வருஷம் மேட்டில் நாற்று விட்டு, பச்சைப் பசேல் என்று வளர்த்து வைத்திருந்தாள். நாற்று முற்றுவதற்குள் வயலில் உப்பு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் நாற்றை மாட்டுக்குத்தான் போட வேண்டும்.

"மாமா, ஏதாவது பண்ணுங்க. ரெண்டாவது வருஷமும் போனா நான் எங்க போவேன்?" என்று குஞ்சிதபாதத்திடம் போய் நின்றாள்.

குஞ்சிதபாதம் கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து அமிர்தலிங்கம் அவரைத் தட்டி எழுப்பினார். "வேளாண்மை ஆபீஸ்ல சொல்லுவோம்" என்றார் தலைவர். பாருங்கள், அந்த மனுஷன் வாயிலிருந்தும் நல்ல வார்த்தை வரும்.

ஆபீசில் எழிலரசி என்று ஒரு மேடம் இருந்தார். பொறுமைசாலி. "உங்க வயல் தண்ணியை ஒரு சுத்தமான பாட்டில்ல சாம்பிள் எடுத்து அனுப்புங்க, சோதிச்சுச் சொல்றேன்" என்று போனில் சொன்னார்.

கமிட்டி கூடியது. பாட்டிலைக் கழுவினார்கள், வெயிலில் காயவைத்தார்கள், அதற்கு மேல் வேலை ஓடவில்லை.

"நம்ம வயல் தண்ணியைப் பார்த்திருக்கியா? டீத்தண்ணி கலர்ல இருக்கு. வாயில வச்சா கரிக்குது" என்றார் குஞ்சிதபாதம்.

"அதைப் போயி ஒரு மேடத்துக்கு அனுப்புறதா?" என்றார் பக்கிரிசாமி.

"அனுப்பலாமா கூடாதாங்கிறது இருக்கட்டும்" என்றார் ரெத்தினசாமி. "நாளைக்கு உம்ம பொண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டுக்காரன் வர்றான். அழுக்குப் புடவையைக் கட்டியா கொண்டாந்து நிறுத்துவீரு?"

"மாட்டேன். பட்டுப்புடவைதான்" என்றார் பக்கிரிசாமி.

"அப்ப தண்ணி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"அதானே" என்றார் அமிர்தலிங்கம்.

மாரியம்மன் கோயில் கிணற்றில் தண்ணீர் கற்கண்டாக இருக்கும். அதில் மொண்டு, துணியில் வடிகட்டி, பாட்டில் கழுத்தில் ஒரு முழம் மல்லிகைப்பூவும் சுற்றி அனுப்பி வைத்தார்கள். பூ எதற்கு என்று நான் கேட்டேன். வெறும் கழுத்தோட எப்படி அனுப்புறது மாப்பிள்ளை என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

ஆபீசிலிருந்து பதில் வந்தது. தண்ணீரில் உப்பே இல்லை, அருமையான தண்ணீர், குடிக்கவே செய்யலாம். கமிட்டி அன்றைக்கு ஊருக்கெல்லாம் பானகம் கரைத்து ஊற்றியது. குஞ்சிதபாதம் மரகதத்தைக் கூப்பிட்டு, "உன் வயல் பாஸாயிடுச்சும்மா" என்றார்.

மரகதம் பானகத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு, வயலுக்குப் போய் ஒரு பாட்டிலில் அந்த டீக்கலர் தண்ணீரை மொண்டு, தானே பஸ் ஏறிப் போய் ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டு பாட்டிலும் ஒரே வயல் தண்ணீரா என்று எழிலரசி மேடத்துக்குத் தலை சுற்றிவிட்டது. நேரிலேயே கிளம்பி வந்துவிட்டார்.

வந்தவர் வயலைச் சுற்றிப் பார்த்தார். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரலில் தேய்த்தார். கமிட்டியைக் கூப்பிட்டு நிறுத்தி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"உப்பு அதிகமா இருக்குங்கய்யா. உப்பு அதிகம்னா ஒரே வழிதான். நல்ல தண்ணியை நிறைய ஊத்தி நிறுத்துங்க. உப்பு அதுல கரையட்டும். அப்புறம் பள்ளமான இடமாப் பார்த்து வழி விட்டு, வடிச்சுடுங்க. உப்பு போற வரைக்கும் திரும்பத் திரும்ப இதையே செய்யுங்க. மறந்துடாதீங்க."

"மறக்கமாட்டோம் மேடம்" என்றார் குஞ்சிதபாதம்.

சத்தியமாக மறக்கவில்லை. அதுதான் வினையே. நாலு பேரும் அன்றைக்குச் சாயங்காலம் வரை ஊரைச் சுற்றி வந்து மனப்பாடம் செய்தார்கள். "உப்பு அதிகம்னா?" என்பார் தலைவர். "ஊத்து, நிறுத்து, பள்ளம் பாரு, வடி!" என்பார்கள் மற்ற மூவரும். பஜனை கோஷ்டி வந்திருக்கிறது என்று என் மாமியார் அரிசி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

ஊற்றுவதிலும் நிறுத்துவதிலும் தகராறு இல்லை. வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, திறந்து விட்டார்கள். மரகதத்தின் வயலும் பக்கத்து வயல்களும் ததும்பி நின்றன. அடுத்தது பள்ளம் பார்க்க வேண்டும். அங்கேதான் சிக்கியது.

"என் வயல் பள்ளம் கிடையாது" என்றார் ரெத்தினசாமி முதல் ஆளாக. "எங்க தாத்தா காலத்துலேர்ந்து அது மேட்டு வயல்."

"என்னுது மட்டும் பள்ளமா?" என்று பக்கிரிசாமி கடப்பாரையைத் தரையில் ஊன்றினார். "நாலு பேருக்கு முன்னாடி என் வயலைப் பள்ளம்னு சொல்லிப் பாரு."

"நான் சொல்லலையேப்பா. பொதுவா பேசினேன்" என்றார் ரெத்தினசாமி.

"என் வயலைப் பள்ளம்னு சொல்லிட்டா என் பையனுக்கு யாரு பொண்ணு கொடுப்பா?" என்றார் அமிர்தலிங்கம். அவராகச் சொந்தமாகப் பேசிய முதல் வார்த்தை இதுதான் என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

மரகதம் குறுக்கே வந்தாள். "என் வயல்தாங்க பள்ளம். எனக்கு ஒரு மானக்கேடும் இல்லை. ஓடைப் பக்கம் கரையை வெட்டி விடுங்க, நிமிஷத்துல வடிஞ்சுடும்."

குஞ்சிதபாதம் பதறிப்போனார். "சும்மா இரும்மா. புருஷன் இல்லாத பொண்ணு வயலைக் கமிட்டி பள்ளமாக்கிடுச்சுன்னு நாளைக்குப் பேச்சு வந்தா? நாங்க உன்னை விட்டுக்கொடுக்க மாட்டோம்."

மனசு நல்ல மனசுதான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ரெத்தினசாமிக்கு வேறொரு கவலையும் இருந்தது. "ஓடை எங்க போவுது? அடுத்த ஊருக்குள்ள போவுது. இந்தத் தண்ணியில என்ன இருக்கு? நம்ம உப்பு இருக்கு. தலைமுறை தலைமுறையா நம்ம நிலத்துல சேர்ந்த உப்பு. நமக்கு வேணாங்கிறது வேற. அடுத்த ஊர்க்காரனுக்குச் சும்மா தூக்கிக் கொடுக்கிறது வேற."

இதைக் கேட்டதும் எல்லாருக்கும் ரத்தம் கொதித்தது. அடுத்த ஊர்க்காரன் நம் உப்பைப் போட்டு நம் கண் முன்னாலேயே கஞ்சி குடிப்பானா என்று பக்கிரிசாமி கேட்டார். ஆகவே ஒரு முடிவுக்கு வந்தார்கள். யாருடைய வயலும் பள்ளமில்லை. எல்லாம் சமம். வடிகாலையும் சமமாகவே வெட்ட வேண்டும். ஊர் உப்பு ஊரைவிட்டுப் போகவும் கூடாது. எனவே வடிகால் ஆலமரத்தடியில் ஆரம்பித்து, வயல்களை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் ஆலமரத்தடிக்கே வந்து சேர வேண்டும்.

ஆரம்பித்த இடத்துக்கே ஏன் வர வேண்டும் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. "வீட்டை விட்டுப் போற எதுவும் வீடு திரும்பணும் மாப்பிள்ளை" என்றார் குஞ்சிதபாதம், என் தோளில் கை போட்டு.

வெட்டினார்கள். வேலை என்று வந்துவிட்டால் அவர்கள் சளைத்தவர்கள் இல்லை. பக்கிரிசாமி கடப்பாரை போட்டால் மண் பயந்து விலகும். வடிகால் ஒரு சாண் ஏற்றம் இல்லாமல், ஒரு சாண் இறக்கம் இல்லாமல், வளையல் மாதிரி வட்டமாக வந்தது. தேங்காய் உடைத்துத் திறந்துவைத்தார்கள். வயலிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று அதில் இறங்கி, நிரம்பி, அப்படியே நின்றது. உள்ளே ஒரு குளம், அதைச் சுற்றி ஒரு அகழி.

அகழியை எட்டிப் பார்த்த குஞ்சிதபாதம், "வடிகால்ல தண்ணி தேங்கக்கூடாதே" என்றார்.

"கூடாதுதான்" என்றார் ரெத்தினசாமி. "வடிகால்னா காலியா இருக்கணும்."

ரெத்தினசாமியும் அமிர்தலிங்கமும் வாளி எடுத்துக்கொண்டு வடிகாலில் இறங்கி, அதிலிருந்த தண்ணீரை மொண்டு வயலுக்குள் ஊற்றினார்கள். வயலில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்த குஞ்சிதபாதமும் பக்கிரிசாமியும் வயலுக்குள் இறங்கி, அங்கிருந்து மொண்டு வடிகாலில் ஊற்றினார்கள். வரப்புக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர். எதிரெதிரே நிமிரும்போது ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, "விடாதே, விடாதே, உன் பக்கம் குறையுது" என்று உற்சாகப்படுத்திக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரத்துக்குத்தான் கரையேறினார்கள். இவ்வளவு ஒற்றுமையாக ஒரு ஊர் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

மரகதம் நாற்றங்காலுக்கும் வயலுக்கும் நடையாக நடந்தாள். நாற்று பச்சை மாறிக்கொண்டிருந்தது, அடித்தண்டு கெட்டிப்பட ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் காலை மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே ஓடைக்கரைக்குப் போனாள். கமிட்டி ஓடிப் போய்க் கரையில் வரிசையாக உட்கார்ந்துகொண்டது.

"எந்திரிங்க மாமா."

"மாட்டோம். வெட்டினா ஊர் உப்பு போயிடும்."

"உப்பு போவணும்னுதானே இத்தனையும்!"

"போவணும்தான். ஆனா வெளியே போவக்கூடாது."

அவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். கோபத்தில் வந்த அழுகை. "உங்களுக்கெல்லாம் நாலு வயல் இருக்கு. எனக்கு இது ஒண்ணுதான்" என்றாள். நாலு பேருக்கும் தாங்கவில்லை. பக்கிரிசாமி சத்தமாகவே அழுதார். அழுதபடியே அமிர்தலிங்கம், நம் கண்ணீரும் உப்புத்தான், வயலில் விழாமல் அந்தப் பக்கம் திரும்பி அழுங்கள் என்றார். எனக்கு அன்றைக்கு அவர் கழுத்தைப் பிடிக்கலாம் போல இருந்தது.

மறுநாள் விடிந்து பார்த்தால், வயலில் தண்ணீர் குறைந்திருந்தது.

கமிட்டி வயலுக்கு ஓடி வந்தது. "யாரோ எடுத்துட்டான்" என்றார் ரெத்தினசாமி. பக்கிரிசாமி உடனே ஒரு குச்சியில் கோடு கிழித்து, தண்ணீர் மட்டத்துக்குக் கோடு வருகிற மாதிரி வயலில் நட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கோட்டுக்குக் கீழே போய்விட்டது தண்ணீர். குச்சி சரியாக நிற்கவில்லை என்று கோடு தண்ணீரைத் தொடும்வரை அதை அழுத்தி இறக்கினார். மறுபடியும் பார்த்தார், மறுபடியும் அழுத்தினார். மத்தியானத்துக்கெல்லாம் குச்சி முழுக்க உள்ளே போய், கோடு கிழித்த நுனி மட்டும் சேற்றுக்கு மேலே தெரிந்தது.

"கோட்டுலதான் இருக்கு தண்ணி. ஒரு நூல்கூடக் குறையலை" என்றார் பக்கிரிசாமி.

"அப்ப வயல்ல மண்ணு தெரியுதே?" என்றார் குஞ்சிதபாதம்.

"தண்ணி குறையலை, மண்ணு தெரியுது. அப்படின்னா?" ரெத்தினசாமி விரலை உயர்த்தினார். "மண்ணு வளருது."

"அதானே" என்றார் அமிர்தலிங்கம்.

மண் வளர்ந்து எங்கே போய் முடியும், வானத்தில் இடிக்குமா, இடித்தால் எந்த ஆபீசில் மனு கொடுப்பது என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, மரகதம் வடிகாலைச் சுற்றி நடந்தாள். கிழக்குப் பக்கம் ஓடைக்கரையில் ஒரு சத்தம் கேட்டது. குளுகுளுவென்று தண்ணீர் இறங்குகிற சத்தம். குனிந்து பார்த்தாள். ஒரு நண்டு வளை. கமிட்டி வடிகால் வெட்டியபோது கரையைச் சுரண்டி மெலிசாக்கிவிட்டிருந்தது. அந்த இடத்தில் ஒரு வயல் நண்டு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் ஓடைவரை குடைந்திருந்தது. தண்ணீர் அதில் பாய்ந்து வளையைக் குடம் நுழைகிற அளவுக்கு அகலமாக்கி, வட்ட வடிகாலுக்கு முதல் முறையாக ஒரு வாசல் வைத்துக் கொடுத்திருந்தது. மரகதத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

கமிட்டியும் பின்னாலேயே வந்துவிட்டது. வளையைப் பார்த்ததும் ரெத்தினசாமி வேட்டியை மடித்துக் கட்டினார். "அடைங்கடா! உப்பு போவுது!"

பக்கிரிசாமி ஒரு பெரிய மண்கட்டியைத் தூக்கிவிட்டார். மரகதம் வளைக்கு முன்னால் போய் நின்றாள். இந்த ஊரில் பிறந்தவள், இவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாதா? இத்தனை நாளும் நியாயம் பேசினது தான் செய்த தப்பு என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்ததாம். என்னிடம் அவளே சொன்னாள்.

"கொஞ்சம் இருங்க மாமா. பள்ளம் எதுன்னு உங்களால கண்டுபிடிக்க முடிஞ்சுதா?"

"இல்லை."

"நண்டு கண்டுபிடிச்சிருக்கு. இந்த ஊர்ல நண்டுக்குச் சொந்தமா வயல் இருக்கா?"

குஞ்சிதபாதம் கண்ணை மூடி யோசித்தார். "எனக்குத் தெரிஞ்சு இல்லை."

"கல்யாணத்துக்குப் பையன் இருக்கானா?"

"இருந்தாலும் நம்ம பக்கம் சம்பந்தம் பண்ணாது."

"அப்ப அது யாருக்காகவும் ஓரம் பேசாது இல்லையா? அது காட்டின இடம் பள்ளம்னா யாருக்கும் மானக்கேடு இல்லையே."

நாலு பேரும் தேடிப் பார்த்தார்கள். பேச்சில் ஓட்டை இல்லை. ஆனால் ரெத்தினசாமி விடுவாரா? "பள்ளம் சரி. உப்பு? அடுத்த ஊர்க்காரன் பிடிச்சு வச்சுக்கிட்டா?"

"ஓடை எங்கயாவது நிக்குதா மாமா? நேரா கடலுக்குத்தானே ஓடுது. நம்ம உப்பைக் கடல்ல போட்டு வச்சுக்குவோம். வேணுங்கிறப்ப போயி எடுத்துக்கலாம்."

"கடல்ல எல்லார் உப்பும் கிடக்குமே. நம்மது எதுன்னு எப்படித் தெரியும்?"

மரகதம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நம்மது கரிக்கும் மாமா."

"அதானே!" என்றார் அமிர்தலிங்கம். ரெத்தினசாமி மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். பக்கிரிசாமி மண்கட்டியைக் கீழே போட்டார், சொந்தக் கால்மேலேயே போட்டுக்கொண்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த நேரம் பார்த்து நண்டு வளையிலிருந்து வெளியே வந்து, இத்தனை பேரைப் பார்த்த பயத்தில் பெரிய கொடுக்கை உயரத் தூக்கியது. "கை தூக்கிடுச்சு, அதுக்கும் சம்மதம்" என்றார் குஞ்சிதபாதம். அன்றிலிருந்து கமிட்டியில் ஐந்து பேர்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. வரப்பில் மடை வாயை அடைத்து வயலில் நல்ல தண்ணீரை நிறுத்துவாள் மரகதம். உப்பு கரைந்ததும் வாயைத் திறந்து விடுவாள். தண்ணீர் வட்ட வடிகாலில் இறங்கி, நண்டு வளை வழியாக ஓடைக்குப் போய்விடும். கமிட்டிக்காரர்கள் ஒவ்வொரு தடவையும் கரையில் நின்று, போய் வா என்று உப்புக்குக் கையசைத்தார்கள். எழிலரசி மேடம் மறுபடி வந்து தானே சாம்பிள் எடுத்துப் பார்த்துவிட்டு, "இப்ப நடலாம்மா" என்றார். நாற்று முற்றுவதற்கு ஒரு நூல் முன்னால் நடவு முடிந்தது. வேர் பிடித்து, மஞ்சள் மாறி, பயிர் பச்சை கட்டி நின்றதைப் பார்த்து மரகதம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்த எனக்கே மனசு நிறைந்துவிட்டது.

எப்படியிருந்தாலும் வடிகால் வெட்டியது கமிட்டிதானே. வயல் வடிந்தபோது சேற்றில் பிடித்த விரால் மீன்களை மரகதம் பானையில் தண்ணீர் விட்டு வைத்திருந்தாள். அதைப் போட்டு ஒரு குழம்பு வைத்து, கமிட்டியை விருந்துக்குக் கூப்பிட்டாள். என்னையும் சௌந்தரத்தையும்கூடக் கூப்பிட்டாள். விரால் குழம்பு என்றால் நான் எந்த ஊருக்கும் போவேன். அதுவும் மரகதம் வைக்கிற குழம்பு. புளி கரைத்து, பூண்டு தட்டிப் போட்டு, பெரிய மண்சட்டியில் கொதித்து அடங்கி, எண்ணெய் மேலே மிதந்துகொண்டிருந்தது. தெருமுனை வரைக்கும் வாசனை. காலையிலிருந்து நான் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் வயிற்றைக் காலியாக வைத்திருந்தேன்.

வாழையிலை போட்டாச்சு. நண்டுக்கும் ஒரு இலை போட்டார்கள், வராத உறுப்பினருக்கு மரியாதை என்று. மரகதமும் சௌந்தரமும் சோறு எடுக்கக் கொல்லைப்பக்கம் போனார்கள். சட்டி எங்களுக்கு நடுவே இருந்தது. தலைவர் என்ற முறையில் குஞ்சிதபாதம் கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

"உப்பு அதிகம்" என்றார்.

அக்கா ஒரு கை போட்டிருக்கிறாள், போட்டது தெரியாமல் தங்கச்சியும் ஒரு கை போட்டிருக்கிறாள். வீட்டுக்கு வீடு நடக்கிறதுதான். கொஞ்சம் சோற்றைக் கூடப் போட்டுப் பிசைந்தால் சரியாகிப்போகும். அதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் மற்ற மூன்று பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"உப்பு அதிகம்னா?" என்றார் தலைவர்.

"ஊத்து, நிறுத்து, பள்ளம் பாரு, வடி!"

"ஐயையோ, வேண்டாங்க!" என்று நான் கத்தினேன். யார் கேட்டார்கள்? அமிர்தலிங்கம் தவலையைத் தூக்கி, நல்ல தண்ணீரைச் சட்டி ததும்பும்வரை குழம்பில் ஊற்றினார். எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உப்பு கரைவதற்காகக் காத்து நின்றார்கள். பிறகு ரெத்தினசாமி சட்டியைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார்.

"இதுல பள்ளம் எது?"

"அடிதான்" என்றார் பக்கிரிசாமி.

"யாருக்காவது ஆட்சேபணை?"

ஒருத்தருக்கும் இல்லை. கமிட்டி வரலாற்றில் சண்டையில்லாமல் பள்ளம் கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை. குஞ்சிதபாதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டியை வாசலுக்குத் தூக்கிப் போய் இரண்டு கல்லின்மேல் வைத்தார்கள். பக்கிரிசாமி கீழே படுத்து, கடப்பாரை நுனியால் அடியில் பதமாக ஒரு தட்டுத் தட்டினார். வேலைக்காரர்தான், மறுக்கவில்லை. சட்டி உடையவில்லை. அழகாக ஒரு ஓட்டை விழுந்து, புளியும் பூண்டும் எண்ணெயும் நான் பட்டினி கிடந்ததும் எல்லாம் சேர்ந்து வாசலில் ஓடித் தெருவில் இறங்கியது.

மரகதம் சோற்றுப் பானையோடு வந்து வாசற்படியில் நின்றாள். சட்டியைப் பார்த்தாள், ஓட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளை, நீங்களுமா என்று கேட்கிற பார்வை. நான் என்ன செய்வேன்?

அதற்குள் குஞ்சிதபாதம் ஒரு மீன் துண்டை எடுத்து நக்கிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் இருக்கு. மேடம் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னாங்க. ஊத்து."

அமிர்தலிங்கம் மேலே ஊற்ற ஊற்ற, கீழே சுத்தமாக வடிந்தது. நாலு பேரும் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வடிகால்னா இதுதான் வடிகால்" என்றார் பக்கிரிசாமி.

"இந்தத் தண்ணியில ஒரு பாட்டில் பிடிச்சு மேடத்துக்கு சாம்பிள் அனுப்பிடலாமா?" என்றார் அமிர்தலிங்கம்.

ரெத்தினசாமி திடுக்கிட்டுத் திரும்பினார். "மீன் நாத்தம் அடிக்கிற தண்ணியையா? ஊர் மானம் என்னத்துக்கு ஆவுறது? போ, கோயில் கிணத்துல மொண்டுக்கிட்டு வா. வர்ற வழியில ஒரு முழம் பூவும் வாங்கிக்க."